டார்ச் அடிக்காத பக்கம்

நான் சொல்லப்போவது அத்தனையும் சத்தியம், ஓய், நிசம், கலப்படமில்லாத நிசம், இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் நாக்கு இந்த இடத்திலேயே அழுகி விழட்டும் என்று வழக்கம்போல ஆரம்பித்துவிட்டேன், மனசுக்குள்ளேதான், ஆனாலும் உரக்கத்தான், ஆரம்பித்த வேகத்தில் சடாரென்று நிறுத்திக்கொண்டேன். நாக்கு வேண்டாம். இங்கே நாக்கின் மேல் சத்தியம் பண்ணக் கூடாது. எதிர் பெஞ்சில் ஒருத்தன் தாடையைச் சுற்றித் துண்டு கட்டி, மூக்கில் குழாயோடு உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு அடுத்தாற்போல ஒரு பெரிய மனுஷர், மடியில் சிலேட்டு, பேசவேண்டியதை அதில் எழுதி எழுதிப் பெண்டாட்டிக்குக் காட்டுகிறார், அவள் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு "தண்ணியா? இப்பத்தானே குடிச்சிய?" என்று அவருக்கு என்னவோ காது போய்விட்டதுபோலக் கத்துகிறாள். காது நன்றாகத்தான் இருக்கிறது அவருக்கு. சரி, நாக்கை விட்டேன், கண்ணின் மேல் ஆணை என்று சொல்லலாமென்றால் கண்ணில் இந்த வியாதி வருகிறவர்களுக்கு மாடியில் தனி வார்டு. வயிற்றின் மேல், நெஞ்சின் மேல், எலும்பின் மேல், எதன் மேல் சத்தியம் பண்ணினாலும் அதற்கொரு வார்டு வைத்திருக்கிறான் இந்தக் கட்டடத்தில். மனுஷனுக்கு வாய் கூசாமல் ஒரு சத்தியம் பண்ண இடமில்லாத ஊராக இருக்கிறது. அதனால் என் பெயரின் மேல் சொல்கிறேன், பூதலிங்கம், தவணைக்கு எவர்சில்வர் பாத்திரம் விற்ற பூதலிங்கம், ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் எந்த வீட்டுப் பெண்ணிடம் கேட்டாலும் "அந்தப் புளுகர்தானே" என்பாள், அந்தப் பெயருக்கு என்ன மதிப்போ அந்த மதிப்புக்கு இது சத்தியம்.

உலகம்மா என் இடது பக்கம் உட்கார்ந்திருக்கிறாள். முந்தானை நுனியால் வாயை மூடியிருக்கிறாள், நாற்றம் யாருக்கும் வரக் கூடாதென்று. நாற்றமெல்லாம் இல்லை, நான் பக்கத்தில்தானே இருக்கிறேன், கொஞ்சம் மருந்து வாடை, அதற்கு அடியில் இத்தனை வருஷமாக எனக்குப் பழகின அதே வெற்றிலை வாடை, அவள் வெற்றிலையை நிறுத்தி மாசக்கணக்கான பிறகும் தோலுக்குள்ளிருந்து வருகிறது. வலது கன்னத்துக்கு உள்பக்கம், பொயலையை, அதாவது புகையிலையை, அதக்கி வைக்கிற அந்தக் குழியில், முதலில் பால் ஆடை மாதிரி ஒரு வெள்ளை. பிறகு காரம் பட்டால் எரிச்சல். ஊறுகாயை நிறுத்தினாள், ரசத்தில் மிளகாயை நிறுத்தினாள், பிறகு ரசத்தையே நிறுத்தி மோரும் சோறும் பிசைந்து விழுங்கினாள், நான் கேட்டதற்குச் "சூடுங்க, வேறென்ன" என்றாள். வாயை முழுசாகத் திறக்க முடியாமல் போன அன்றுதான் வடிவு கண்ணில் பட்டது. வடிவு எங்கள் மகள், சண்முகவடிவு, தாயைப் பார்க்க வந்தவள் தட்டைப் பார்த்துவிட்டாள். அப்புறம் பஸ், ஆஸ்பத்திரி, கன்னத்தில் ஊசி, இத்தனூண்டு சதையைக் கிள்ளி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பி, இன்றைக்கு அந்த டெஸ்டுக்கு முடிவு. வடிவு டாக்டர் ரூமுக்குள்ளே போயிருக்கிறாள். கதவுக்கு மேலே ஒரு பல்லி அசையாமல் இருக்கிறது. நான் அதைப் பார்க்கிறேன். பல்லி அசைந்தால் நல்ல சேதி என்று வைத்துக்கொள்வோமா, வேண்டாம், அசையாவிட்டால் நல்ல சேதி என்று வைத்துக்கொள்வோம், அதுதான் ஜெயிக்கிற பந்தயம். சனியன், அசைகிறது.

எங்கள் கல்யாணமே ஒரு புளுகில்தான் தொடங்கியது. பெண் பார்க்கப் போன இடத்தில் என் மாமனார் ஆற்றில் வெள்ளமா என்று கேட்டார். வெள்ளமா, நான் விற்ற அண்டா ஒன்றில் கல்யாண வீட்டார் அத்தனை பேரும் ஏறி உட்கார்ந்து மிதந்தே போய், போகிற வழியில் தாலிகட்டி, பந்தி போட்டு, மறுவீட்டுக்கு அதே அண்டாவில் எதிர்நீச்சல் அடித்து வந்தார்கள் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், "ரொம்ப அளக்காதீங்க" என்றது. இவள்தான். கழுத்தில் தாலி ஏறுவதற்கு முன்னாலேயே என்னிடம் இவள் பேசிய முதல் பேச்சு அது, அன்றிலிருந்து நான் அளப்பதும் இவள் அளக்காதீங்க என்பதும்தான் எங்கள் வீட்டில் குடித்தனம். நான் சொன்ன ஒன்றையாவது இவள் நம்பியதில்லை. பால்காரன் வரவில்லை என்று நிஜத்தைச் சொன்னால்கூட வாசலில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் கடுங்காப்பி போடுவாள். இப்போது ஒரு கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, எதையும் கேட்காமல், எதையும் சரிபார்க்காமல், இது எனக்குப் பழக்கமில்லை. ஏளா உலகு, ஏதாவது கேளேன். நான் எதையாவது சொல்கிறேன், நீ இல்லையென்று சொல்லேன்.

டார்ச்தான் ஞாபகம் வருகிறது. நர்ஸ் பிள்ளை ஒன்று சட்டைப் பையில் பேனா மாதிரி ஒரு டார்ச்சோடு போகிறது, அதைப் பார்த்ததும் அந்த ஜீப் வந்துவிடுகிறது மனசுக்குள், புழுதியோடு. வடிவுக்குக் கல்யாணம் முடிந்த வருஷம் அது. ஏதோ ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள், ஒரு டாக்டர், கூடவே ஜெபராணி சிஸ்டர், நல்ல மாதிரி, எந்த வீட்டில் காப்பி கொடுத்தாலும் பாதி குடித்துவிட்டு மீதியைத் தலையாட்டி வேண்டாம் என்பாள். ரயில்வே கேட்டுக்குக் கிழக்கே உள்ள தெருக்களில் ஒவ்வொரு வீடாகப் போய், வெற்றிலை போடுகிறவர்கள், பீடி குடிக்கிறவர்கள், எல்லோரையும் வெளிச்சத்தில் நிறுத்தி, வாயைத் திறக்கச் சொல்லி, கன்னத்தை இழுத்து, நாக்கைத் தூக்கி, டார்ச் அடித்துப் பார்த்தார்கள். கேட்டுக்கு மேற்கே, எங்கள் பக்கம், டார்ச் இல்லை. கேள்வி மட்டும்தான். வெற்றிலை உண்டா, பொயலை உண்டா, எவ்வளவு காலமாக, ராத்திரி வாயில் அதக்கிக்கொண்டே தூங்குவீர்களா, குடும்பத்தில் யாருக்காவது வந்திருக்கிறதா. ஆறாத புண் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டு ஜீப் ஏறிப் போய்விட்டார்கள். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அதில் என்ன புரிந்தது தெரியுமா, ஓய்? நாங்கள் பாஸ் என்று புரிந்தது. கிழக்கே உள்ளவன் வாயில் கோளாறு இருக்கிறது, அதனால் டார்ச் அடிக்கிறான், நமக்கு ஒன்றும் இல்லை, பேசின பேச்சிலேயே கண்டுபிடித்துவிட்டான், பெரிய டாக்டர் அல்லவா. குழாயடியில் இதே பேச்சு. "எங்க தெருவுல டார்ச்சே எடுக்கலியே" என்று எங்கள் பெண்கள் கிழக்கத்திப் பெண்களிடம் சொல்லிச் சொல்லிக் குடத்தைத் தூக்கினார்கள். இதில் முதல் குரல் யாருடையது என்று நினைக்கிறீர்? என் அருமைப் பெண்டாட்டியுடையது.

அவளுடைய கூடப்பிறந்த அக்கா ஆவுடையம்மாள் கேட்டுக்குக் கிழக்கே வாழ்க்கைப்பட்டவள். அக்காளும் தங்கையும் ஒரே வெற்றிலைப் பெட்டியிலிருந்து பழகினவர்கள், ஒரே பொயலை, அதக்குகிற கன்னம்கூட ஒரே கன்னம், சாடையும் அப்படித்தான், முதுகைப் பார்த்து நானே ஏமாந்திருக்கிறேன். ஆவுடை மதினிக்கு டார்ச் அடித்ததும் வெள்ளை தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சின்னதாக வெட்டி எடுத்து, பொயலையை விடச் சொல்லி, வருஷா வருஷம் பார்த்துக் கொண்டார்கள். இன்றைக்கும் முறுக்குக் கடிக்கிறாள். மறுபடி ஜீப் வரப்போகிற சமயத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கையின் கையைப் பிடித்தாள். "ஏளா, நாளைக்கு என் வீட்டுக்கு வந்துரு. என் பேரைச் சொல்லிக்கிட்டு நீ நில்லு. ரெண்டு பேரும் ஒரே சாடைதானே, அந்த டாக்டருக்கு என்ன தெரியப் போவுது? நான் அடுப்படில ஒளிஞ்சிக்கிடுதேன்." உலகம்மா சிரித்தாள். "என்னத்துக்குக்கா? எங்க பக்கம் தேவையில்லன்னுட்டாங்கல்லா. உன் சீக்கை எனக்கும் ஒட்ட வைக்கப் பாக்கியோ?" மதினி முகம் சுண்டிப்போய்விட்டது. அது வேடிக்கைப் பேச்சுத்தான். அக்கா தங்கைக்குள் இருப்பதுதான். மதினி கேட் வரை போய்த் திரும்பிப் பார்த்தாள், அதை நான் பார்த்தேன், கூட்ஸ் வண்டி வந்து மறைத்துவிட்டது.

ஏன் அந்தப் பக்கம் மட்டும் என்று நான் ஜெபராணி சிஸ்டரிடம் பின்னால் ஒருநாள் கேட்டேன். சிஸ்டர் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு, "நீங்க கோயில்ல பூக்கட்டிப் பாப்பீங்கல்லா அண்ணாச்சி, வெள்ளைப் பூவா செவப்புப் பூவான்னு, அது மாதிரிதான். எந்தப் பக்கம் பாக்கணும், எந்தப் பக்கம் பாக்காம விடணும்னு குலுக்கிப் போட்டு எடுத்தது" என்றாள். வேதக்காரப் பெண், சர்ச்சுக்குப் போகிறவள், எனக்குப் புரியவேண்டுமென்று எங்கள் சாமியைக் கூப்பிட்டுச் சொன்னாள். ரெண்டு பக்கமும் பார்த்துத் தொலைத்தால் என்ன என்று கேட்டேன். "அப்படிப் பாத்தா, பாத்ததுனாலதான் பிழைச்சாங்களான்னு எப்படித் தெரியும்? பாக்காத பக்கத்தையும் வச்சி ஒத்துப் பாக்கணும். பாத்த பக்கம் சாவு குறைஞ்சிருக்குன்னு நிரூபிச்சா நாளைக்கு ஊரு உலகம் முழுக்கப் பாப்பாங்க." எனக்குப் புரிந்தது. புரியாமலிருந்தால் தேவலை. யார் மேலும் கோபப்பட இடமில்லாமல் புரிந்துவிட்டது. ஊரு உலகத்துக்காக ஒரு பக்கம் இருட்டில் இருக்கவேண்டும், அந்த இருட்டில் என் உலகம்மாள் வெற்றிலை மடித்துக்கொண்டு நாங்கள்தான் பாஸ் என்று உட்கார்ந்திருந்தாள். பூ கட்டினவன் பாவி இல்லை. பூ எடுத்த கை பாவி இல்லை. பூ பாவமா? பூவுக்கு என்ன தெரியும். இங்கேதான் எனக்குச் சிக்கிக்கொள்கிறது, தறியில் நூல் சிக்கின மாதிரி, முன்னாலும் போகமாட்டேன் என்கிறது பின்னாலும் வரமாட்டேன் என்கிறது. இன்னொன்று, பீடி குடித்தவன் நான். பொயலை போட்டவன் நான். தவணை வசூலுக்குப் போன இடத்திலெல்லாம் சாராயம் குடித்தவன் நான். டாக்டரிடம் போன தடவை கேட்டேவிட்டேன், எனக்கல்லவா வந்திருக்கவேண்டும் என்று. "இதெல்லாம் ஆபத்தைக் கூட்டும்னுதான் சொல்லுவோம் பெரியவரே, வந்தே தீரும்னு சொல்ல முடியாது, யாருக்கு வரும்னும் சொல்ல முடியாது" என்றார். அங்கேயும் பூதான். கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். நான் என் நாக்கால் என் கன்னத்தைத் தடவிப் பார்க்கிறேன், வலது பக்கம், இடது பக்கம், மேலே, கீழே, வழுவழு என்று இருக்கிறது, வெட்கம் கெட்ட வாய், புதுப் பாத்திரம் மாதிரி.

அந்த ஜீப்காரர்களும் சும்மா விட்டுவிடவில்லை, அதையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் என் சத்தியம் என்ன ஆவது. ஆராய்ச்சி முடிந்து, பார்த்த பக்கம்தான் பிழைத்தது என்று தெரிந்ததும் அதே ஜீப் கேட்டைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தது. ஜெபராணி சிஸ்டருக்குத் தலை நரைத்திருந்தது. கையில் டார்ச். "உலகம்மாக்கா, வாயைத் திறங்க" என்றாள். என்னைப் பார்த்தால் வாயை மூடத் தெரியாதவள், காலையில் எழுந்ததிலிருந்து படுக்கிற வரை எனக்கென்று திறந்தே வைத்திருந்த வாய், டார்ச்சைப் பார்த்ததும் மூடிக்கொண்டது. "அன்னைக்கு ஒண்ணுமில்லன்னு விட்டுட்டுப் போனிய, இன்னைக்கு மட்டும் என்ன முளைச்சிருக்கும்? அதெல்லாம் கிழக்க உள்ளவுகளுக்கு." சிஸ்டர் கெஞ்சினாள். "அக்கா, ஒண்ணுமில்லன்னு யாரும் சொல்லலையே, பாக்கவே இல்லையே." இவள் எழுந்து உள்ளே போய் அரிசி களைய ஆரம்பித்துவிட்டாள். அப்போதே வெள்ளை இருந்திருக்குமா? இருந்திருக்கும். இல்லாமலும் இருந்திருக்கும். இருந்திருந்தால் என்று யோசித்தால் ஒரு நெஞ்சுவலி, இல்லாமலிருந்திருந்தால் என்று யோசித்தால் அதற்கு வேறொரு நெஞ்சுவலி, ரெண்டுக்கும் நடுவில் அந்த அரிசி களைகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

கதவு திறக்கிறது. வடிவு. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்திருக்கிறாள், டாக்டர் ரூமில் எதற்கு முகம் கழுவுவார்கள், தெரிந்துவிட்டது. "எப்பா, கொஞ்சம் வாங்க, பில் கட்டணுமாம்" என்கிறாள் அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி. என் மகள், என் ரத்தம், அவளுக்குக்கூட இவ்வளவு மோசமாகத்தான் பொய் வருகிறது. தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் போய் நிற்கிறோம். அவள் என் சட்டையின் கடைசிப் பித்தானைப் பிடித்துத் திருகுகிறாள். "அதுதான்ப்பா. கழுத்துக்கும் இறங்கிக் கட்டியாயிட்டாம். வெட்ட முடியாதாம். ரேடியேஷன் கரண்டு வச்சிப் பாப்போங்காரு." பிறகு சத்தமில்லாமல் வாய் மட்டும் அசைகிறது, என்ன சொல்கிறாள் என்று தெரியவில்லை, அப்புறம் சத்தம் வருகிறது. "அம்மாட்ட நீங்கதான் சொல்லணும். வெறும் புண்ணு, கரண்டு வச்சா காஞ்சிரும்னு. எனக்கு வராதுப்பா. நீங்கன்னா எதையும் சொல்லுவீங்க." இந்தக் கட்டடத்தில் இதுதான் வழக்கம். வாசலில் யானை உயரத்துக்குப் புற்றுநோய் என்று போர்டு, அதற்குக் கீழே நுழைந்து வருகிற அத்தனை பேருக்கும் வீட்டார் சொல்லியிருப்பது வெறும் புண். காலையில் இந்தப் பிள்ளை, அம்மா போர்டைப் படித்துவிடக் கூடாதென்று, "எம்மா அந்தா பாரு இளநி வண்டி, இந்தா பாரு நாய்க்குட்டி" என்று கைப்பிள்ளைக்குச் சோறூட்டுகிற மாதிரி வேடிக்கை காட்டிக்கொண்டு வந்தாள். "சொல்லுதேன் மக்ளே, நீ அழாத" என்கிறேன். ஆயுள் முழுக்கப் புளுகினதெல்லாம் இந்த ஒரு பொய்க்கு ஒத்திகை பார்த்தது என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு தூரம் இந்தப் பெஞ்சு. என்னென்ன சொல்லலாம். டாக்டர் வயிறு குலுங்கச் சிரித்தார், இந்தப் புண்ணுக்கா பஸ் ஏறி வந்தீர்கள் என்றார், அவருடைய அத்தைக்கு இதே புண், கரண்டு வைத்த மறுநாள் கரும்பு கடித்தாள், கடித்த சக்கையை வைத்து வீட்டுக்குக் கூரை போட்டார்கள். இது நன்றாக இருக்கிறது. இதைச் சொல்லலாம். கூரை கொஞ்சம் அதிகமோ, இருக்கட்டும், கூரை இருந்தால்தான் அளக்காதீங்க என்பாள், அளக்காதீங்க என்று சொல்லிவிட்டால் போதும், பாதி வியாதி போன மாதிரி.

உட்கார்ந்தேன். அவள் பார்த்தாள். "என்ன சொன்னாரு?" வாயைத் திறந்தேன், அத்தை வரவில்லை, கரும்பு வரவில்லை. "வெறும் புண்ணுதான்" என்றேன். "மருந்து?" "கரண்டு வைப்பாங்க." "பெறவு?" "சரியாயிரும்." அவ்வளவுதான் வந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லையென்று சொல்லு, உலகு, அளக்காதீங்க என்று சொல்லு. அவள் முந்தானையை வாயிலிருந்து எடுத்து என் நெற்றியைத் துடைத்தாள், எனக்கு வேர்த்திருந்தது போல. "இவ்ளோ சுருக்கமா நீங்க பேசி நான் கேட்டதே இல்லீங்க" என்றாள். பிறகு கொஞ்சநேரம் சிலேட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் எதையோ எழுதிவிட்டு அழித்துக்கொண்டிருந்தார். "வடிவுட்ட, அம்மா நம்பிட்டான்னு சொல்லிருங்க. பாவம், காலைல இருந்து பிள்ளை படாதபாடு படுதா." நான் தலையாட்டினேன். "இன்னொண்ணு. அக்காளுக்குத் தெரிய வேண்டாம். அன்னைக்கு அவ கூப்பிட்டா. நான்தான் போவல. தெரிஞ்சா, தரதரன்னு இழுத்துட்டுப் போயிருக்கலாமேன்னு நெஞ்சுல நெஞ்சுல அடிச்சிக்கிடுவா. அவளாவது நல்லாருக்கட்டும். பல்லுவலி, வெளியூர்ல வைத்தியம், அதான் அவளைப் பாக்க வரலன்னு எதையாவது அளந்து விடுங்க." அளந்து விடுங்க என்றாள், ஓய். என் பெண்டாட்டி. என்னைப் பார்த்து. தன் வாயால்.

இப்போது நர்ஸ் பிள்ளை உலகம்மாள் என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது, அவள் என் தோளில் கை ஊன்றி எழுந்துகொள்கிறாள், வடிவு அந்தப் பக்கம் பிடித்துக்கொள்கிறாள், ரெண்டு பேரும் ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் சிரிக்கிறார்கள், ரெண்டுமே பொய்ச் சிரிப்பு, நான் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொள்கிறேன். ரெண்டு பொய்யை ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டு நிஜத்தை எங்கே வைப்பது, அதனால்தான் உம்மிடம் இறக்கி வைத்தேன். நீர் கேட்டுக்குக் கிழக்கே போகிற ஆளாக இருந்தால் ஆவுடை மதினி உம்மைப் பார்த்ததும் உட்காரச் சொல்லுவாள், முறுக்கு எடுத்து வைப்பாள், உலகு எப்படி இருக்கா என்று கேட்பாள். பல்லுவலி, வைத்தியம் நடக்கிறது என்று சொல்லிவிட்டு முறுக்கைத் தின்றுவிட்டு வந்துவிடும். உம்மையும் மீறி வாயில் வந்துவிட்டால், வரத்தான் செய்யும், அவள் முகத்தைப் பார்த்தால் எவனுக்கும் வரும், அப்போது அவள் யார் சொன்னது என்று கேட்பாள். யாரை வேண்டுமானாலும் சொல்லும், பால்காரன் சொன்னான் என்று சொல்லும், என் பெயரை மட்டும் சொல்லிவிடாதீர். பூதலிங்கம் சொன்னான் என்றால் அவள் சிரித்துவிடுவாள்.